பெற்றோல் கெதியாய் முடிந்த மாதங்கள்

தம்பி,

காரை ஏன் விற்றீர்கள் என்று நேற்று நீ தொலைபேசியில் கேட்டாய். குரலில் கோபம் இருந்தது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். அடுத்த மாதம் நீ கட்டப்போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறாய். நீ ஓடப் பழகிய காரிலேயே அவளுக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறாய். "என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம ஏனம்மா வித்தனீங்கள்?" என்றாய். அப்பா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவருடைய காதில் விழும்படி உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கார் பழசாப் போச்சு ராசா, எஞ்சின் ஒயில் கூடக் குடிக்குது, பெற்றோலும் கட்டுப்படியாகேல்ல" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். "அது குடிக்கேல்ல" என்றார். உனக்கு அது கேட்டிருக்காது. அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரே சொன்னால் அழுதுவிடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தியாவது சொல்லி முடிக்கலாம்.

அப்பா கார் ஓடும் விதம் உனக்குத் தெரியும். பின் சீற்றில் இருந்து அதைப் பகிடி பண்ணியே வளர்ந்தவன் நீ. தூரத்தில் சிவப்பு விளக்குத் தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். கார் தன்பாட்டில் உருண்டு போய் விளக்கடியில் நிற்கும். சிலவேளை நிற்காமலே பச்சை விழுந்துவிடும். அப்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம் வரும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். "பெற்றோலைக் குடிக்கிறது எஞ்சின் இல்லை, ஓடுறவன்ர அவசரம்தான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு கீழே இறங்கிப் போய், பொனற்றைத் திறந்து, ஒயில் கம்பியை இழுத்துப் பழைய பெனியன் துண்டில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ரயருக்குக் காற்றுப் பார்ப்பார். டிக்கியில் தேவையில்லாத பாரம் கிடந்தால் எனக்குப் பேச்சு விழும். கஞ்சத்தனம் என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற அந்தக் கெட்ட காலத்தில்தான் எனக்கு அது வேறுமாதிரித் தெரிந்தது. மேல் மாடியில் இருந்த பிள்ளைக்கு விடியப்புறம் வயிற்றுக்குத்து எடுத்தது. ஓட்டோ இல்லை, மாடியில் இருந்த ஒருவருடைய காரிலும் ஓடுமளவுக்குப் பெற்றோல் இல்லை. எங்கள் காரில் இருந்தது. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இப்ப விளங்குதே நான் ஏன் மிதிக்கிறேல்ல எண்டு?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு அதைப்பற்றி யாரிடமும் கதைக்கவே இல்லை.

உனக்கு மரைன் டிரைவில் ஓடப் பழக்கியதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுடைய வெள்ளவத்தை கண் விழிக்கிறதுக்கு முதலே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தண்டவாளத்தில் கோச்சி போகும், ஒரு பக்கம் கடல், நீயோ கிளச்சோடு சண்டை. நான் பின்னால் இருந்து கந்தசாமியைக் கும்பிட்டுக்கொண்டு வருவேன். ஒருநாள் கார் துள்ளித் துள்ளி நின்றபோது நீ ஸ்டியரிங்கில் அடித்தாய். அவர் ஏசவில்லை. "அது உன்னை எதிர்க்கேல்லயடா. நீ கேட்டதைத்தான் செய்யுது. வடிவாக் கேள்" என்றார். நீ சிரித்தாய். அடுத்த தரம் கார் நேராகப் போனது.

மூன்று வருசத்துக்கு முன் வந்து நின்று திரும்பிப் போனபோது விமான நிலையத்துக்கு நீதான் ஓடினாய். பிந்திவிட்டது என்ற பதற்றம் உனக்கு. "அவ்வளவு மிதியாத தம்பி" என்று அவர் ஒருதரம் சொன்னார், இரண்டாம் தரமும் சொன்னார். "பெற்றோலை மிச்சம் பிடிச்சு வாழ்க்கையில என்னத்தைக் கண்டீங்களப்பா?" என்றாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, ராசா. போகிற அவசரத்தில் பிள்ளைகள் சொல்லும் சொல்லைப் பெற்றவர்கள் கட்டி வைத்திருக்க மாட்டார்கள். நான் சொல்ல வந்தது திரும்பி வந்த பயணத்தைப் பற்றி. நீ உள்ளே போனபிறகு அவர்தான் ஓடிக்கொண்டு வந்தார். களனி ஆற்றைக் கடக்கும்போது, "இந்தப் பாலம் எப்ப கட்டினவங்கள்?" என்று கேட்டார். உன்னை வழியனுப்பிய கவலையில் கேட்கிறார் என்று நினைத்து, "புதுசுதானே" என்றேன். நாங்கள் அதற்கு முதல் எத்தனையோ முறை போன பாலம் அது.

அதற்குப் பிறகு வந்த வருசத்தில் பெற்றோல் கெதியாய் முடியத் தொடங்கியது. அப்பா காரை எடுப்பது இரண்டு காரியத்துக்குத்தான்: சந்தைக்கு, இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனைக்கு. கொட்டாஞ்சேனைப் பெரியப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானது உனக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் அப்பா போய்த் தமையனுக்குச் சவரம் செய்து, முகம் துடைத்து, பேப்பர் வாசித்துக் காட்டிவிட்டு வருவார். எங்களுடைய ஓட்டத்துக்கு ஒருதரம் நிரப்பினால் மாதம் முடியும் வரைக்கும் தாராளமாகக் காணும். அப்படி இருந்த கார், மாதம் பாதியாகும் முன்னமே பெற்றோல் ஷெட்டுக்குப் போகத் தொடங்கியது. முதலில் யாரோ உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று நினைத்தார். கீழே நிற்கும் காவல்காரரோடு முறுகிக்கொண்டார். பிறகு பெற்றோல் ராங்கில் ஓட்டை என்றார். ஒவ்வொரு ஞாயிறும் ஒயில் பார்த்தவர் ஒவ்வொரு நாளும் பார்க்கத் தொடங்கினார். காருக்கு அடியில் கடதாசி விரித்து, விடிந்ததும் போய் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். கடதாசி காய்ந்தே கிடக்கும்.

கடைசியில் எங்களுடைய வழக்கமான கராஜுக்குக் கொண்டு போனோம். அந்த முஸ்லிம் பொடியனை உனக்கும் தெரியும். அவர் காரை உயர்த்தி, இறக்கி, ஓடியும் பார்த்துவிட்டு வந்தார். "அங்கிள், வண்டியில ஒரு குறையும் இல்ல. ஒயிலும் குடிக்குதில்ல, லீக்கும் இல்ல. ஓட்டம்தான் கூடியிருக்கு. மீட்டரப் பாருங்களே" என்றார். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. "நான் எங்கயும் சுத்தித் திரியிற ஆளில்லை!" என்று சத்தம் போட்டார். அந்தப் பிள்ளை பயந்து போய், "சரி அங்கிள், சரி அங்கிள்" என்றது. காரில் ஏறிய பிறகு அப்பா மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போட்டார்.

எனக்குள்ளும் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. மீட்டர் பொய் சொல்லாது. அப்படியென்றால் இவர் எங்கே போகிறார்? சொன்னால் நீ சிரிப்பாய். எழுபது வயதைத் தாண்டிய மனிசனைப்பற்றி என் மனம் என்னவெல்லாம் நினைத்தது. யாரிடமாவது சீட்டு விளையாடப் போகிறாரா, எனக்குத் தெரியாமல் வைத்தியரிடம் போகிறாரா, பழைய சிநேகிதர் யாருக்காவது உதவி செய்கிறாரா என்றெல்லாம் யோசித்தேன். கேட்கத் துணிவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, "நானும் வாறன், அக்காவைப் பாத்துக் கனநாளாச்சு" என்று சொல்லி முன் சீற்றில் ஏறிக்கொண்டேன். உன் பெரியம்மாவைத்தான் சொன்னேன்.

போகும்போது ஒரு பிழையும் இல்லை. பெரியப்பாவுக்குச் சவரம் செய்த கையும் நடுங்கவில்லை. திரும்பும்போதுதான், கோயிலடியில் இடப்பக்கம் திரும்பவேண்டியவர் நேரே போனார். வாகன நெரிசலுக்குப் பயந்து வேறு வழி எடுக்கிறார் என்று நினைத்தேன். கிராண்ட்பாஸ் பக்கமாகப் போனோம். ஒரு பள்ளிவாசலைக் கடந்தோம். கொஞ்ச நேரத்தில் அதே பள்ளிவாசல் திரும்பவும் வந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைப் பலகைகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தனக்குள் வாசித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் வியர்வை. பிறகுதான், தம்பி, அவருடைய காலைப் பார்த்தேன். நாற்பது வருசமாகப் பூவில் வைக்கிறமாதிரி வைத்த கால், அமத்தி மிதிக்கிறது, உடனே பதறி பிரேக்கில் விழுகிறது, திரும்ப மிதிக்கிறது. கார் முக்கி முக்கிப் போனது. அவசரம் இல்லை அது, பயம். இத்தனை மாதமாக எங்களுடைய பெற்றோல் எங்கே போனது என்று அப்போது எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வரும் வழியைத் தேடித் தேடி அவர் தனியே எரித்திருக்கிறார். வந்தபிறகு ஒன்றும் நடக்காதமாதிரி கைகால் கழுவிவிட்டுச் சோறு கேட்டிருக்கிறார்.

"வழி தெரியேல்லயோ?" என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்காமல் விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "இஞ்சேருங்கோ, கோட்டைப் பக்கத்தால போவமே, எனக்குக் கொஞ்சம் கடல்காத்துப் பட்டா நல்லம்" என்றேன். "அந்தா, அந்த பேக்கரி. அதில திரும்பினா சுகமெல்லே." அவர் உடனே திரும்பினார். "ஓமோம், நானும் அப்பிடித்தான் யோசிச்சனான்" என்றார். காலிமுகத்திடல் தெரிந்ததும் அவருடைய தோள் இறங்கியது. கால் பழையபடி மெல்லமானது.

அன்றிலிருந்து அவர் போன இடமெல்லாம் நானும் போனேன். நான் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்காதவள். வழிகளைக் கவனித்துப் பார்க்காதவள். கணவன் ஓடும்போது வெளியே பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்று இருந்தவள். இந்த வயதில் கொழும்பைப் படித்தேன். எந்தச் சந்தியில் என்ன கடை, எந்த மூலையில் என்ன கோயில் என்று மனதில் போட்டுக்கொண்டேன். ஆனால் வழி சொல்வதுமாதிரி ஒருநாளும் சொன்னதில்லை. "அந்தப் புடவைக் கடை இன்னும் இருக்கோ தெரியேல்ல, இதால போனாப் பாக்கலாம்" என்பேன். "இடப்பக்கம் நிழலா இருக்கு" என்பேன். பேச்சு நின்றால் வழியும் நின்றுவிடும் என்பதால் வாய் ஓயாமல் கதைத்தேன். அப்பாவும் பதில் சொல்லிக்கொண்டு வருவார். பெற்றோல் திரும்பவும் மாதம் முழுக்கக் கண்டது. "பாத்தீரே, கராஜ் பொடியன் ஏதோ சரி செய்துதான் விட்டிருக்கிறான்" என்றார். "ஓம்" என்றேன்.

உனக்கு அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு வேலை மாறிய காலம் அது. சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அல்லது வர முடியாமல் அங்கே கிடந்து உருகுவாய். இரண்டையும் நான் விரும்பவில்லை. அதோடு, தம்பி, சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்றொரு பயம் எனக்கு இருந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிவுக்கு வந்தது. "இண்டைக்குப் போகவேண்டாம், அண்ணைக்கு ஒருநாள் தாடி வளந்தா என்ன?" என்று எவ்வளவோ சொன்னேன். "அண்ணை பாத்துக்கொண்டிருப்பார்" என்று போய்விட்டார். பின்னேரமாகியும் வரவில்லை. பெரியம்மாவுக்கு எடுத்தால், "அவர் மத்தியானமே வெளிக்கிட்டிட்டாரே" என்றார். அப்பாவின் போனுக்கு எடுத்து எடுத்து ஓய்ந்தபோது, தெரியாத இலக்கத்தில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியது ஒரு பொலிஸ்காரர், சிங்களத்தில். சீற்றில் கிடந்த அப்பாவின் போனில் விழுந்த என் இலக்கத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து எடுத்திருக்கிறார். "அம்மே, பயவெண்ட எபா" என்று, பயப்படவேண்டாம் என்பதைத்தான் முதலில் சொன்னார், நல்ல மனிசன். ஒருகொடவத்தையில், கொள்கலன் லொறிகள் போகும் வழியில், எங்களுடைய கார் நிற்கிறது என்றார். பெற்றோல் முடிந்துவிட்டது. ஐயா கண்ணாடியை இறக்க மாட்டேன் என்கிறார் என்றார்.

காய்ச்சலோடு ஓட்டோ பிடித்துப் போனேன். வழியில் ஒரு கலனில் பெற்றோல் வாங்கினோம். பெரிய பெரிய லொறிகளுக்கு நடுவே, ஓரமாக, எங்களுடைய சின்னக் கார். கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிறவர்மாதிரியே நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். சேட்டு முழுக்க நனைந்திருந்தது. நான் கண்ணாடியில் தட்டினேன். என்னைக் கண்டதும் கதவைத் திறந்தார். "ராங்கில ஓட்டை போல" என்றார். "ஓம், ஓட்டைதான் போல" என்றேன். தன் வாழ்நாளில் பெற்றோல் முடிந்து நடுத்தெருவில் நின்ற ஆளில்லை உன் அப்பா. அந்த வெட்கம்தான் அவரை அந்த வெக்கையில் கண்ணாடி இறக்க விடவில்லை என்று நினைக்கிறேன். பொலிஸ்காரர் தன்னுடைய தண்ணிப் போத்தலைக் கொடுத்தார். ஓட்டோக்காரர் தன் ஓட்டோவை அங்கேயே விட்டுவிட்டு எங்களுடைய காரை ஓடி வந்து வீட்டில் விட்டார். அப்பா பின் சீற்றில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கலியாணம் கட்டிய நாளில் பிடித்ததற்குப் பிறகு வெளியில் வைத்து அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

டொக்டரிடம் போனோம். தலையைப் படம் எடுத்தார்கள். கேள்விகள் கேட்டார்கள். மறதி நோயின் தொடக்கம் என்றார்கள். "இனிக் கார் ஓடவேண்டாம் ஐயா" என்று டொக்டர் சொன்னபோது அப்பா தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கீழே போனார். கனநேரமாக வரவில்லை என்று நானும் இறங்கிப் போனேன். பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒயில் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இஞ்ச பாரும்," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு சொட்டும் குறையேல்ல. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

"ஓம்."

"அப்ப பெற்றோல் முடிஞ்சது என்னாலதான், என்ன?"

நான் பெனியன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாளாத் தெரியும்."

அவர் கம்பியைத் துடைத்து, மெல்ல உள்ளே விட்டு, பொனற்றை மூடினார். "அதுதானே பாத்தன்," என்றார். "புடவைக் கடை, பேக்கரி, நிழல் எண்டு வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்தனீர். இவ்வளவு கதைக்கிற மனிசி இல்லையே எண்டு எனக்கு அப்பவே ஒரு யோசினை." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அந்தக் கார்மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் அழுதோம். காவல்காரர் கண்டும் காணாதவர்போல அந்தப் பக்கம் போனார்.

காரை விற்கச் சொன்னது அவர்தான், தம்பி. நானில்லை. "நிண்டா நான் ஒருநாள் மறந்துபோய் எடுத்திடுவன்" என்றார். "நான் ஓட மறந்தாலும் பரவாயில்லை. ஓடக்கூடாது எண்டதை மறந்திட்டா, றோட்டில போற பிள்ளைகளுக்கு ஆர் பதில் சொல்லுறது?" உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்வோமா என்று கேட்டேன். "அவன் வச்சிருங்கோ எண்டுதான் சொல்லுவான். அவனுக்குத் தெரியாது. இப்ப வில்லும், எனக்கு நினைவு இருக்கேக்க" என்றார்.

ஹெந்தளையில் இருந்து ஒரு இளம் தம்பதி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா அந்தப் பொடியனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். விளக்கைத் தூரத்திலேயே பார், காலை முந்தியே எடு, ஒயிலை நீயே பார், மற்றவனை நம்பாதே என்றார். ஒன்றுகூடப் பிசகவில்லை. வீட்டு இலக்கம் மறந்தவருக்கு அந்தக் காரின் நோய்நொடி முழுக்க நினைவிருந்தது. பொடியன் "சரி அங்கிள்" என்று ஏறி உட்கார்ந்து, முதல் கியரிலேயே எஞ்சினைக் கத்தவிட்டு ஒழுங்கையைத் தாண்டினான். அப்பாவுக்கு உடம்பு ஒருதரம் குலுங்கியது. "பழகிடுவான்" என்று நான் சொன்னேன். அவர் மேலே ஏறி வந்து படுத்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை.

இப்போது கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில்தான் போகிறோம். பெரியப்பாவுக்குச் சவரம் இன்னும் அப்பாதான். கத்தியை நான் எடுத்துக் கொடுக்கிறேன், மிச்சத்தைக் கை தானே செய்கிறது. சிலநாள் தமையனைத் தன் தகப்பன் என்று நினைத்து "ஐயா" என்று கூப்பிடுகிறார். பெரியப்பாவும் "ஓம் மோனை" என்கிறார். போன கிழமை சோறு போடும்போது, தம்பிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டதா, ஆர் ஏத்தப் போறது என்று உன்னைப்பற்றிக் கேட்டார். இந்த வரியை எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே வந்து நீயாகக் கண்டு திடுக்கிடுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வரும்போது ஒரு கார் வாடகைக்கு எடு. அப்பாவை முன்னுக்கு இருத்து. "இது எந்த இடம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று விளையாட்டுக்கும் கேட்காதே. அவர் மிதியாதே என்றால் காலை எடு. உனக்குப் பிந்தினாலும் எடு. உன்னோடு வருகிற பிள்ளைக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வை. நீ ஒருநாள் எங்கேயாவது தடுமாறி நின்றால், மற்றவர்களுக்கு முன்னால் உன்னைத் திருத்தாமல் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வரக்கூடியவளா அவள் என்று பார். நீயும் அவளுக்கு அப்படி இருப்பாயா என்று உன்னையும் கேட்டுப் பார். கலியாணத்தைப்பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்னும் ஒன்றே ஒன்று. கதவைத் திறந்ததும், "அப்பா, என்னைத் தெரியுதோ?" என்று மட்டும் கேட்டுவிடாதே, ராசா. எல்லோரும் வந்து அதைத்தான் கேட்கிறார்கள். அவர் சோதனையில் தோற்ற பிள்ளைமாதிரி என் முகத்தைப் பார்க்கிறார். நீ செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, நான் வந்திட்டன்" என்று உன் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வா.

அம்மா